கழிவு நீரிலுள்ள உலோக நஞ்சும் அதைப் பற்றிக்கொள்ளும் கற்களும்

தொழிற்சாலைகளை அடுத்த கிராமங்களில் நிலம் வைத்திருப்போருக்கு நீரைப் பற்றிய கவலை இருவகைப்படும். வரும் நீர் போதுமா என்பது ஒன்று. வரும் நீர் நல்லதா என்பது மற்றொன்று. முதற் கவலைக்கு வானத்தையும் ஏரியையும் பார்த்து ஒருவாறு விடை காணலாம். இரண்டாவதற்குக் கண்ணால் விடை காண இயலாது. நுரையும் துர்நாற்றமும் உள்ள நீரை எவரும் ஐயுறுவர். ஆனால் தோல் பதனிடும் சாலைகள், மின்முலாம் பூசும் பட்டறைகள், பழைய பாட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் உலைகள் முதலியவற்றினின்று வெளிவரும் குரோமியம், நிக்கல், ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகிய கன உலோகங்கள் தெளிந்த நீரிலும் கரைந்து மறைந்து நிற்கக் கூடியவை. அவற்றிற்கு மணமில்லை, வெயிலில் அவை அழிவதில்லை, நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்று தீர்ப்பதில்லை. சாணத்தையும் தழையையும் மட்கச் செய்யும் பூமி இவற்றை மட்கச் செய்ய மாட்டாது.

இவ்வுலோகங்களை நீரினின்று பிரித்தெடுக்க இயற்கையில் கிடைக்கும் சில கற்களும் களிமண் வகைகளும் உதவுகின்றன. இவற்றைப் பற்றி வியாபாரிகள் மிகைபடப் பேசுவதும் உண்டு. ஒன்றுக்கும் உதவாதெனச் சிலர் தள்ளுவதும் உண்டு. இரண்டும் சரியன்று. இக்கற்கள் எவ்வாறு வேலை செய்கின்றன, எவ்விடத்தில் வைத்தால் பயன் தரும், வேலை முடிந்தபின் அவற்றை என்ன செய்வது என்னும் மூன்று விஷயங்களையும் நிலச் சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

ஒரு நிலச் சொந்தக்காரர் கண்ட உண்மை

இத்துறையின் அடிப்படை உண்மையைக் கண்டறிந்தவர் தொழிற்சாலை ரசாயனி அல்லர்; பயிர்த்தொழிலில் ஈடுபட்ட ஒரு நிலச் சொந்தக்காரரே. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த தாம்ஸன் என்பவருக்கு, எருவிலுள்ள அம்மோனியாச் சத்து மழையில் கரைந்து வீணாகிறதே என்னும் கவலை இருந்தது. அவர் மண்ணோடு அம்மோனியம் சல்பேட்டைக் கலந்து, அதன்மேல் நீரை ஊற்றி, அடியில் வடிந்த நீரைச் சோதித்தார். அம்மோனியம் சல்பேட் வடியுமென எதிர்பார்த்த இடத்தில், வடிந்தது பெரும்பாலும் ஜிப்சமாக இருந்தது. ஊற்றிய உப்பு ஒன்று. வெளிவந்த உப்பு வேறொன்று.

இதை அவர் அந்நாட்டு அரச விவசாயச் சங்கத்தின் ரசாயன ஆலோசகராயிருந்த தாமஸ் வே என்பவரிடம் தெரிவித்தார். வே பல சோதனைகள் நடத்தி, தம் முடிவுகளை 1850-ஆம் ஆண்டில் மேற்படி சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். மண்ணிலுள்ள களிமண் பாகம் அம்மோனியாவைப் பிடித்துக்கொண்டு, அதற்குச் சரியீடாகத் தன்னிடமிருந்த சுண்ணாம்பை விட்டுவிடுகிறது என்பதே அவர் கண்ட முடிவு. இது ஒருவகைப் பண்டமாற்றே. களிமண்ணின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. நேர் மின்னூட்டமுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவை அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேர் மின்னூட்டமுள்ள வேறொரு பொருள் நீரில் கரைந்து வந்தால், முன்னிருந்தது இறங்கிப் புதியது அமர்கிறது. நாம் இடும் எரு அனைத்தும் முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போகாமல் இருப்பதற்கு இப்பண்டமாற்று ஒரு பெருங்காரணமாகும்.

கன உலோகங்களிற் பெரும்பாலானவையும் நீரில் நேர் மின்னூட்டம் உடையவையே. ஆதலால் மண் எருவைப் பிடிப்பதுபோலவே நஞ்சையும் பிடிக்கிறது. பயிருக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்னும் வேறுபாடு அதற்குக் கிடையாது.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை

இதை நேரிற் காண விரும்புவோர் எளிதில் ஒரு சோதனை செய்யலாம். அடியில் துவாரமுள்ள பிளாஸ்டிக் குடுவைகள் இரண்டு எடுத்துக்கொண்டு, துவாரத்தைத் துணியால் மூடுக. ஒன்றில் நன்கு கழுவிய ஆற்று மணலை நிரப்புக. மற்றொன்றில் கரிசல் மண்ணோடு சமபங்கு அதே மணலைக் கலந்து நிரப்புக. போர்டோக் கலவைக்குப் பயன்படும் மயில்துத்தம் 5 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நீரிற் கரைத்து, அந்நீல நீரில் பாதி பாதியாக இரண்டிலும் மெல்ல ஊற்றுக. மணலினின்று வடியும் நீர் நீலமாகவே இருக்கும். கரிசலினின்று வடியும் நீரில் நீலம் காணப்படாது. செம்பின் ஒரு பகுதி மேற்சொன்ன பண்டமாற்றினாலும், மற்றொரு பகுதி கரிசலிலுள்ள சுண்ணாம்போடு கூடிப் படிந்ததனாலும் மண்ணிலேயே நின்றுவிட்டது.

வடிந்த நீரைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், குடுவையிலுள்ள மண்ணைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். நீர் சுத்தமாயிற்று என்றால், செம்பு எங்கும் போய்விடவில்லை, மண்ணில் இருக்கிறது. இச்சிறு சோதனையின் மண்ணையும் நீல நீரையும் மீன் வளரும் குளத்திலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. குடுவை மண்ணுக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமானால், ஆண்டுதோறும் கழிவு நீர் பாயும் வயலின் நிலை என்ன என்பதே அடுத்த கேள்வி.

வயலின் கணக்கு

நெற்பயிருக்கு ஆண்டொன்றுக்கு ஒரு மீட்டர் உயரம் நீர் பாய்ச்சப்படுவதாகக் கொள்வோம். ஏக்கருக்கு இது சுமார் 40 லட்சம் லிட்டராகும். அந்நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் ஓர் உலோகம் இருக்குமானால், ஓராண்டில் அந்த ஏக்கருக்கு 4 கிலோகிராம் உலோகம் வந்து சேர்கிறது. உழவு படும் மேல்மண் ஏக்கருக்கு ஏறத்தாழ 9 லட்சம் கிலோகிராம். ஆகவே ஒவ்வொரு கிலோகிராம் மண்ணிலும் ஆண்டுக்குச் சுமார் நாலரை மில்லிகிராம் ஏறுகிறது. ஓராண்டில் இது அற்பமாகத் தோன்றும். இருபது ஆண்டுகளில் 90 மில்லிகிராமாகும். மண் பிடித்ததை எளிதில் விடாதாகையால் கூட்டல் கணக்கே உண்டு. கழித்தல் கணக்கு மிகச் சொற்பம்.

இக்காரணத்தாலேயே ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டியில், நெடுங்காலம் பாய்ச்சும் நீருக்குக் கடுமையான வரம்புகளைக் கூறியிருக்கிறது. லிட்டருக்குக் காட்மியம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.1, நிக்கல் 0.2, செம்பு 0.2, துத்தநாகம் 2 மில்லிகிராம் என்பன அவ்வரம்புகள். நம் நாட்டிலோ, தொழிற்சாலைக் கழிவு நீரை ஆறு, ஓடை முதலிய உள்நாட்டு நீர்நிலைகளில் விடுவதற்குரிய பொது விதியில் மொத்தக் குரோமியத்திற்கு 2 மில்லிகிராமும் நிக்கலுக்கு 3 மில்லிகிராமும் அனுமதிக்கப்பட்டுள்ளன. விதிக்கு உட்பட்டு வரும் நீரும் பாசன வரம்பைப்போல் குரோமியத்தில் இருபது மடங்கும் நிக்கலில் பதினைந்து மடங்கும் இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். ஆற்றில் நீரோட்டம் இருந்து கழிவு நீர் அதிற் கலந்து நீர்த்துப்போகுமாயின் இவ்வேற்றுமையால் பெருந்தீங்கில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாறு போன்ற ஆறுகளில் கலப்பதற்கு நீர் ஏது?

ஜப்பான் நாட்டு வயல்களின் அனுபவம்

மண்ணின் பிடிப்பு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு ஜப்பான் தேசத்து ஜின்ஸு ஆற்றுப் பாசன வயல்கள் உலகறிந்த சான்று. ஆற்றின் மேற்பகுதியில் காமியோக்கா என்னுமிடத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கும் சுரங்கம் இருந்தது. அதன் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றில் இறங்கி, தொயாமா சமவெளியின் நெல்வயல்களில் படிந்தது. அரிசி வழியாக அது மக்கள் உடலிற் சேர்ந்தது. சிறுநீரகம் கெட்டு எலும்புகள் நலிந்து, சிறு அசைவிலும் எலும்பு முறியும் கொடு நோய் பரவியது. அதில் துன்புற்றோர் பெரும்பாலும் பிள்ளை பெற்ற நடுத்தர, முதிய வயதுப் பெண்கள். "வலிக்கிறது, வலிக்கிறது" என அவர்கள் அலறியதே நோயின் பெயராகி, இத்தாய் இத்தாய் என வழங்குகிறது. இந்நோய்க்குக் காட்மியமே காரணமென ஜப்பான் அரசாங்கம் 1968-ஆம் ஆண்டில் அறிவித்தது. 1972-ல் நோயாளிகளின் வழக்கு மேல்முறையீட்டிலும் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

வழக்கு முடிந்தும் வயல் திருந்தவில்லை. கெட்ட மேல்மண்ணை அகற்றியோ ஆழத்திற் புதைத்தோ, அதன்மேல் வேறிடத்திலிருந்து கொண்டுவந்த நன்மண்ணைப் பரப்பியே அந்நிலங்களை மீட்க வேண்டியிருந்தது. 860 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் நடந்த அவ்வேலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து 2012-ல் முடிவுற்றது. செல்வமும் தொழில்திறனும் மிக்க ஒரு நாட்டிற்கே இவ்வளவு காலம் பிடித்தது.

மண் செய்யும் வேலையைக் கல்லைக்கொண்டு செய்வித்தல்

வயல் மண் கடைசியில் செய்துவிடும் வேலையை, நீர் வயலை அடையுமுன்னரே, தொழிற்சாலையின் எல்லைக்குள்ளேயே, ஒரு தொட்டியிலுள்ள கல்லைக்கொண்டு செய்வித்துக்கொள்வதே இம்முறையின் சாரம். வயலை எடுத்து அப்புறப்படுத்த முடியாது. தொட்டியிலுள்ள கல்லை எடுத்து அப்புறப்படுத்தலாம். இதற்கு உதவும் பொருள்களுள் முக்கியமானவை பின்வருமாறு:

ஜியோலைட். எரிமலைச் சாம்பலும் குழம்பும் நீரோடு நெடுங்காலம் கூடியிருந்து மாறியதால் உண்டான கல் இது. 1756-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து க்ரான்ஸ்டெட் என்பவர் இதைச் சூடாக்கியபோது உள்ளிருந்த நீர் ஆவியாகிக் கல்லே கொதிப்பதுபோல் தோன்றியமையால், கிரேக்க மொழியில் "கொதிக்கும் கல்" எனப் பொருள்படும் இப்பெயரை இட்டார். தேன்கூட்டைப்போல் உள்ளே நுண்ணிய அறைகளும் வழிகளும் இருப்பதே இதன் சிறப்பு. புனே, நாசிக் பகுதிகளின் கரும்பாறைப் பொந்துகளில் அழகிய ஜியோலைட் படிகங்கள் கிடைக்கின்றன. நீர் சுத்திகரிப்பில் அதிகம் பயன்படுவது கிளினோப்டிலோலைட் என்னும் வகை. அமெரிக்கா, துருக்கி முதலிய நாடுகளில் அது பெரும் படிவங்களாக உள்ளது.

பெண்டோனைட். நீர் பட்டால் பருத்து வழவழப்பாகும் களிமண் இது. கரிசல் மண்ணுக்கு அதன் குணத்தைத் தரும் மாண்ட்மாரில்லோனைட் என்னும் களிமண் கனிமமே இதிலும் மிகுதி. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் வெட்டியெடுக்கப்படுகிறது. மிக நுண்ணிய பொடியாதலால் தொட்டியில் நிரப்பி நீரை வடியவிட முடியாது. நீரோடு கலக்கிப் படியவிட வேண்டும்.

வெர்மிகுலைட். அபிரகத்தைப்போல் ஏடேடாகப் பிரியும் கனிமம். தமிழ்நாட்டில் திருப்பத்தூருக்கு அண்மையிலுள்ள சேவத்தூரில் இதன் படிவம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய தோல் பதனிடும் ஊர்களுக்கு இது தூரமன்று.

செம்புரைக்கல். மலையாளக் கரையில் வீடு கட்ட வெட்டியெடுக்கும் செந்நிறக் கல். அங்காடிப்புரத்தில் இதைக் கண்ட பிரான்ஸிஸ் புக்கானன் 1807-ல் வெளியான தம் நூலில் இதற்கு லாட்டரைட் எனப் பெயரிட்டார். இதிலுள்ள இரும்புத் துருப் பொருள் தனிக்குணம் உடையது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

ஒரு கிலோகிராம் பொருள் உச்ச அளவாக எவ்வளவு ஈயத்தைப் பண்டமாற்றில் ஏற்கும் என்று கணக்கிட்டால், பீங்கானுக்குதவும் வெண்களிமண் 3 முதல் 15 கிராம் வரையும், பெண்டோனைட்டின் களிமண் 80 முதல் 120 கிராம் வரையும், வெர்மிகுலைட் 100 முதல் 150 கிராம் வரையும் ஏற்கும். நல்ல ஜியோலைட்டும் 100 கிராமுக்கு மேல் ஏற்கக்கூடியதே. காட்மியமாயின் இதில் ஏறக்குறையப் பாதி. செம்பாயின் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இவை ஏட்டுக் கணக்கு. கழிவு நீரிலுள்ள சுண்ணாம்பு, சோடியம் முதலியனவும் இடத்திற்குப் போட்டியிடுவதால் நடைமுறையில் இதில் ஒரு சிறு பங்கே கிட்டும். அன்றியும் ஜியோலைட் எல்லா உலோகத்தையும் ஒருபோல் விரும்புவதில்லை. ஈயத்தை இறுகப் பற்றும். நிக்கலை அவ்வளவு பற்றாது.

தொட்டியில் வேலை நடக்கும் முறை

உலோகம் மிகுந்த நீரை நேரே கல்லின்மேல் விடுவது வீண் செலவு. முதலில் எண்ணெயும் கசடும் நீக்கி, சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பைப் போக்க வேண்டும். அப்போது உலோகத்தின் பெரும்பகுதி கூழாகிப் படியும். படியாமல் எஞ்சும் சிறு பகுதியை நீக்குவதே கல்லின் வேலை. நீர் மிகப் புளிப்பாயிருந்தால் கல் உலோகத்தைப் பற்றாது. கல்லும் நாளடைவிற் சிதையும். ஆகவே கல்லுக்குச் செல்லும் நீர் புளிப்பும் காரமும் மிகாமல் நடுநிலையை ஒட்டியிருக்க வேண்டும்.

கல்லை அரிசிக் குருணை அளவாக உடைத்து, தூசி போகக் கழுவி, உப்பு நீரில் ஊறவைத்துப் பின் நல்ல நீரில் அலசுவர். உப்பிலுள்ள சோடியம் கல்லில் ஏறிக்கொள்வதால், அது எளிதில் இறங்கி உலோகத்திற்கு இடம்விடும். இவ்வாறு பக்குவப்படுத்திய கல்லை இரண்டு தொட்டிகளில் நிரப்பி, நீர் முதற்றொட்டியைக் கடந்து இரண்டாவதிற் செல்லும்படி அமைப்பது முறை. முதற்றொட்டியின் கல் நிறைந்து உலோகம் கசியத் தொடங்கினால் இரண்டாவது அதைத் தடுக்கும். அப்போது முதலதை மாற்றிவிடலாம். ஒரே தொட்டி மட்டும் இருந்தால், கல் நிறைந்த நாளை எவரும் அறியார். நிறைந்த கல்லைக் கடந்து வரும் நீர் தெளிவாகவே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு முலாம் பட்டறை நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கழிவு நீர் விடுகிறது. சுண்ணாம்பிட்டுப் படியவைத்தபின் லிட்டருக்கு 5 மில்லிகிராம் நிக்கல் எஞ்சுகிறது என்று கொள்வோம். நாளுக்கு 50 கிராம் நிக்கலாயிற்று. அக்கல் நடைமுறையில் கிலோவுக்கு 5 கிராம் பற்றுமானால் நாளுக்கு 10 கிலோ கல் செலவாகும். ஒரு டன் கல் 100 நாள் வரும். எனவே "கல் தொட்டி அமைத்திருக்கிறோம்" என்னும் சொல் போதாது. கல் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். ஆண்டுக்கணக்காக மாற்றாத கல் தொட்டி, வெறும் கல் தொட்டியே.

கல்லால் ஆகாதவை

தோல் பதனிடுவதில் பயன்படுவது மும்மடி மின்னூட்டமுள்ள குரோமியம். தோல் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு மீதியைக் கழிவில் விடுகிறது. இதைச் சுண்ணாம்பினாலோ மக்னீசியம் ஆக்ஸைடினாலோ படியச் செய்யலாம். மக்னீசியம் ஆக்ஸைடால் படிந்ததைக் கந்தக அமிலத்திற் கரைத்து மீண்டும் தோலுக்கே பயன்படுத்தும் முறையும் நடைமுறையில் உண்டு. கழிவாகப் போகும் பொருளைத் தொழிலுக்கே திருப்பும் இம்முறையே முதலிடம் பெறத்தக்கது. கல் அதற்கு அடுத்த துணை.

குரோமேட் என்னும் மஞ்சள் நிறக் குரோமியம் வேறு வகை. முலாம் பட்டறைகளிலும் குரோமேட் தயாரிக்கும் ஆலைகளின் கழிவிலும் காணப்படும் இது மிகக் கொடிய நஞ்சு, புற்றுநோய் விளைவிப்பது. நீரில் இதற்கு எதிர் மின்னூட்டம். ஜியோலைட்டும் களிமண்ணும் எதிர் மின்னூட்டம் உடையவையாதலால் இதை ஏற்பதில்லை. முதலில் புளிப்பான நிலையில் அன்னபேதி சேர்த்து மும்மடிக் குரோமியமாக மாற்றி, பின்னர்ச் சுண்ணாம்பிட்டுப் படியவைக்க வேண்டும். குரோமேட் உள்ள இடத்தில் வெறும் ஜியோலைட் தொட்டியைக் காட்டிச் சமாதானம் சொல்வோரை நம்பலாகாது. செம்புரைக்கல்லிலுள்ள இரும்புத் துரு மட்டும் இத்தகைய எதிர் மின்னூட்டப் பொருள்களையும் ஓரளவு கவரும். மேற்கு வங்காளத்தில் ஆர்ஸனிக் கலந்த கிணற்று நீரைச் சுத்திசெய்யக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பக்குவப்படுத்திய செம்புரைக்கல்லைக் கொண்டு வடிகட்டிகள் அமைத்ததும் இக்குணம் பற்றியே.

உப்பும் கல்லால் நீங்காது. தோல் பதனிடும் ஊர்களின் வயல்களைக் கெடுத்ததில் உலோகத்தைவிட உப்புக்கே பெரும்பங்கு உண்டு. பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்ட கணக்கை, உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தீர்ப்பில் எடுத்துரைத்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென உறுதிசெய்தது. உப்பை நீக்க வேறு சாதனங்கள் வேண்டும்; உப்பு மிகுந்த நீரில் உலோகத்தைப் பற்றும் வேலையிலும் கல் தளர்ந்துவிடும்.

வேலை முடிந்த கல்

உலோகம் நிறைந்த கல் நஞ்சேறிய கல்லாகும். அடர்ந்த உப்பு நீரால் அதைக் கழுவி உலோகத்தை இறக்கி, கல்லை மறுபடி பயன்படுத்தலாம். இறங்கிய உலோகம் சிறிதளவு உப்பு நீரில் திரண்டு நிற்கும். அதையும் சுண்ணாம்பிட்டுப் படியவைத்து அகற்ற வேண்டும். கழுவிப் பயனில்லாத கல்லும், படிந்த கூழும் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, கசிவு புகாத தனிக் குழிகளுக்கே செல்ல வேண்டும். இங்கிலாந்தில் செல்லாஃபீல்டு அணுசக்தி நிலையத்தில் 1985 முதல் கிளினோப்டிலோலைட்டைக்கொண்டு கதிர்வீச்சுள்ள சீசியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் நீரினின்று பிரிக்கின்றனர். அங்கே நிறைந்த கல்லை எவரும் வெளியிற் கொட்டுவதில்லை, காவலில் வைத்திருக்கின்றனர்.

நம் பக்கத்திலோ கூழையும் பழைய கல்லையும் "எரு", "மேட்டு மண்", "பாதைக்கு நிரப்பும் மண்" என்னும் பெயர்களில் இலவசமாகத் தர முன்வருவோர் இருக்கலாம். புதிய ஜியோலைட்டை நிலத்தில் இடுவதாற் கேடில்லை. ஆனால் எந்த நீரைக் கடந்து வந்தது என்று தெரியாத கல்லை வாங்கி நிலத்திலிடுவது, தொழிற்சாலைக்குள் தடுத்து நிறுத்திய நஞ்சை வண்டியிலேற்றி வயலுக்குக் கொண்டுவருவதேயாகும்.

நிலச் சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

1. கிராம எல்லைக்குள் கழிவு நீர் எங்கு விழுகிறது, எந்தக் கால்வாய் வழியே எந்த ஏரிக்கு அல்லது ஓடைக்குச் செல்கிறது என்பதை வரைபடத்திற் குறித்து வைத்தல் வேண்டும்.

2. கழிவு நீர் விழும் இடம், அதற்கு மேற்புறம், கீழ்ப்புறம், அருகிலுள்ள கிணறுகள் ஆகிய இடங்களில் கோடையிலும் மழைக்குப் பின்னும் நீர் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். சாதாரண மண், நீர்ப் பரிசோதனையில் குரோமியம், காட்மியம், நிக்கல், ஈயம் இடம்பெறா. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.

3. வயலில் மண் எடுக்கும்போது மடைவாய் மண்ணையும் கடைப்பகுதி மண்ணையும் கலக்காமல் தனித்தனியே எடுத்தல் வேண்டும். நீர் முதலில் நுழையும் இடத்தில்தான் உலோகம் அதிகம் தங்கும். மடைவாயில் மிகுந்தும் கடையிற் குறைந்தும் காணப்பட்டால், உலோகம் பாசன நீரோடு வருகிறது என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

4. ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது நம் நாட்டில் தொன்றுதொட்ட நல்வழக்கம். வண்டலும் களிமண்ணே. கழிவு நீர் சேரும் ஏரியின் வண்டல், பல ஆண்டு உலோகத்தைப் பற்றி வைத்திருக்கும். சோதித்த பின்னரே அதை எடுக்க அனுமதிக்க வேண்டும்.

5. ஏற்கெனவே கெட்ட நிலத்தில் கீரை, கிழங்கு வகைகளைத் தவிர்த்து, உணவுக்குப் பயன்படாத பயிர்களையோ மரங்களையோ வளர்ப்பது நலம். புளிப்பு நிலமாயின் சுண்ணாம்பிட்டால் பெரும்பாலான உலோகங்கள் பயிருக்கு ஏறுவது குறையும். காட்மியம் உள்ள நெல்வயலில் கதிர் வெளிவரும் பருவத்தில் நீர் கட்டி நிறுத்துவது தானியத்தில் அது ஏறுவதைத் தணிக்கும். ஆனால் ஆர்ஸனிக் உள்ள வயலில் இது எதிர்விளைவு தரும். ஆகவே எந்த உலோகம் என்று அறியாமல் எதையும் செய்தலாகாது.

6. தொழிற்சாலை அதிகாரிகளிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: சுண்ணாம்பிட்டுப் படியவைத்தபின் எஞ்சும் உலோகம் எவ்வளவு? கல்லை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுகிறீர்கள்? மாற்றிய கல்லும் கூழும் எங்கே செல்கின்றன? மூன்றாவது கேள்விக்கு ரசீதோடு கூடிய விடை கிடைக்காவிடில், மாசு கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை.

தொழிலும் வேண்டும், வேளாண்மையும் வேண்டும். தோலினாலும் முலாம் வேலையினாலும் பிழைக்கும் குடும்பங்கள் நம் கிராமங்களிலேயே இருக்கின்றன. அத்தொழில்களை நிறுத்தாமலே உலோகத்தை வாயிலில் தடுத்து நிறுத்த வழி உண்டு என்பதையே மேற்சொன்ன கற்கள் காட்டுகின்றன. அங்கே தடுப்பதற்கு ஆகும் செலவு, தொட்டியிலுள்ள சில டன் கல்லின் செலவே. தவறவிட்டால், தலைமுறைகள் உழுத நிலமே அந்தக் கல்லின் வேலையைச் செய்யும். அந்நிலத்தை மாற்றுவதற்கு வேறு நிலம் கிடையாது. வரும் கோடையில் நீர் குறைந்திருக்கும் சமயத்தில், கழிவு நீர் வாய்க்கால் உள்ள கிராமத்தார் ஒவ்வொருவரும் முதல் மாதிரியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்களென நம்புகிறோம்.